பீட் தலைமுறை – 9: குரூப் போட்டோவும் அஞ்சலிக் கூட்டமும்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் எழுத வந்த பீட் கவிஞர்களைப் பற்றி இன்று பொதுவில் நிலைத்திருக்கும் நினைவை உருவாக்கியவை பெரும்பாலும் இரண்டு. கூடவே திரிந்தவர்கள் எடுத்த புகைப்படங்கள் ஒன்று. ஒருவர் இறந்தபோது மிஞ்சியவர்கள் ஊரைக் கூட்டி நடத்திய அஞ்சலி வாசிப்புகள் மற்றொன்று. ஜாக் கெரவாக்கின் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காதவர்களுக்கும் அவருடைய முகம் தெரியும் என்றால் அதற்குக் காரணம் படங்கள். கவிஞர் ஒருவர் மறைந்தால் தேவாலயத்திலோ சந்திலோ பூங்காவிலோ கூடி அவருடைய வரிகளை உரக்கப் படிக்கும் வழக்கத்தை அமெரிக்க நகரங்களில் ஊன்றியதில் பீட் வட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இந்த இரண்டிலும் நடுநாயகமாக இருந்தவர் ஆலன் கின்ஸ்பெர்க் (1926–1997). நண்பர்களைப் படம் எடுத்ததும் அவர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தியதும் அவர்தான்.

1955 அக்டோபர் 7ஆம் தேதி இரவு சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் தெருவில் இருந்த சிக்ஸ் காலரியில் ஐந்து கவிஞர்கள் வாசித்தார்கள். முன்பு மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்த்த கொட்டகை அது. மூத்த கவிஞர் கென்னத் ரெக்ஸ்ராத் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். மைக்கேல் மெக்ளூர், ஃபிலிப் வேலன், கேரி ஸ்னைடர் ஆகியோர் வாசித்த அந்த இரவில்தான் கின்ஸ்பெர்க் ‘ஹவுல்’ கவிதையின் முதல் பகுதியைப் பொதுமேடையில் முதன்முறையாகப் படித்தார். இதைச் சொல்லாத பீட் வரலாறு கிடையாது. அதிகம் சொல்லப்படாத செய்தி வேறொன்று உண்டு. ஐவரில் ஒருவரான ஃபிலிப் லமாந்தியா அன்று தன் கவிதைகளைத் தொடவே இல்லை. மெக்சிகோவில் இளவயதிலேயே இறந்துபோன நண்பர் ஜான் ஹாஃப்மனின் கவிதைகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். இயக்கத்தின் தொடக்க விழா என்று கொண்டாடப்படும் கூட்டத்தில் ஒரு பகுதி அஞ்சலியாகவே நடந்தது. அந்த இரவின் ஒலிப்பதிவு இல்லை. வந்திருந்தவர்கள் பிற்காலத்தில் எழுதிய குறிப்புகளும், கெரவாக் தன் ‘தர்மா பம்ஸ்’ (1958) நாவலில் பெயர்களை மாற்றி எழுதிய காட்சியும்தான் சாட்சி.

அடுத்த ஆண்டு, 1956 ஜூனில், கின்ஸ்பெர்க்கின் தாய் நயோமி லாங் ஐலண்டில் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். மகன் அப்போது மேற்குக் கரையில் இருந்தார். அடக்கத்துக்கு வர முடியவில்லை. யூத மரபில் இறந்தவருக்காகச் சொல்லப்படும் கதிஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்வதற்குப் பத்து ஆண்கள் கூட வேண்டும். அன்று கல்லறையில் அத்தனை பேர் இல்லை. பிரார்த்தனை சொல்லப்படாமலே அடக்கம் முடிந்தது. அந்தக் குறையைத் தீர்க்க எழுதப்பட்ட நெடுங்கவிதைதான் 1961இல் நூலாக வந்த ‘கதிஷ்’. பத்துப் பேர் கூடாத சாவுக்கு, நூற்றுக்கணக்கானவர் கூடிய அரங்குகளில் அந்தக் கவிதை பின்னர் வாசிக்கப்பட்டது. தனிப்பட்ட துக்கத்தை மேடையில் வைத்து, கேட்க வந்தவர்களையும் துக்கத்தில் பங்கெடுக்கச் செய்யும் முறை பீட் கவிஞர்களுக்கு இங்கிருந்துதான் பழக்கமானது என்று கொள்ளலாம்.

கின்ஸ்பெர்க்கின் கேமராப் பழக்கம் இதற்கெல்லாம் முந்தியது. 1953இல் நியூயார்க்கில் பதின்மூன்று டாலர் கொடுத்து ஒரு பழைய கோடக் ரெட்டினா கேமரா வாங்கினார். ஃபிலிமைக் கழுவிக் கொடுத்தது பக்கத்து மருந்துக்கடை; அப்போது அமெரிக்க மருந்துக்கடைகளில் அந்த வேலையும் நடந்தது. கலைப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் எடுப்பார். சிறிய பிரிண்டுகள் வந்ததும் காட்டிவிட்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். அந்த வட்டத்தில் அப்போது யாரும் பெயர் பெற்றவர் இல்லை. கெரவாக்குக்கு ஒரே ஒரு நாவல் வெளிவந்திருந்தது. ‘ஜங்கி’ நாவல் புனைபெயரில் வந்ததால் வில்லியம் பரோஸின் பெயர் வெளியே தெரியாது. கவிஞர் கிரெகரி கோர்சோ சிறையிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்த 1953ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கிழக்கு 7ஆம் தெரு 206ஆம் எண் கட்டடத்தில் கின்ஸ்பெர்க் குடியிருந்த வீட்டின் பின்புற இரும்புப் படிக்கட்டில் கெரவாக்கை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. தீ விபத்து நேர்ந்தால் இறங்கித் தப்ப நியூயார்க் கட்டடங்களில் வைத்திருக்கும் படிக்கட்டு அது. கெரவாக் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். கோட்டுப் பையில் ஒரு சிறு புத்தகம் துருத்திக்கொண்டிருக்கிறது. ரயில்வேயில் பிரேக் பார்க்கும் தொழிலாளிக்குக் கொடுக்கப்படும் விதிமுறைப் புத்தகம். அதற்குச் சற்று முன்புவரை அவர் கலிபோர்னியாவில் சதர்ன் பசிபிக் ரயில்வேயில் அந்த வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றாடப் போட்ட மெத்தைத் திண்டுகள், கீழே கட்டடங்களின் பின்கட்டில் துணிக்கொடிகள். படத்தில் எழுத்தாளருக்கான அடையாளம் எதுவும் இல்லை. வேலைக்குப் போய் வந்த ஒருவர் மாடியில் காற்று வாங்குகிறார், அவ்வளவே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1957 செப்டம்பரில் அவருடைய ‘ஆன் த ரோட்’ நாவல் வெளிவந்த பிறகு ஸ்டூடியோக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் எடுத்த எந்தப் படத்திலும் இந்த இயல்பு கிடைக்கவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் 1955இல் எடுத்த இன்னொரு படத்தில், அந்த நாவலின் நாயகனுக்கு முன்மாதிரியான நீல் கேஸடி ஒரு சினிமாக் கொட்டகையின் வாசலில் காதலியை அணைத்தபடி நிற்கிறார். தலைக்கு மேலே விளக்குப் பலகையில் மார்லன் பிராண்டோ நடித்த ‘த வைல்ட் ஒன்’ படத்தின் பெயர். அந்தப் பெண் நடாலி ஜாக்சன் அதே ஆண்டு நவம்பர் கடைசியில் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். கின்ஸ்பெர்க்கின் பழைய படங்களில் இப்படி அற்பாயுளில் போனவர்கள் பலர்.

தொழில்முறைப் படக்காரர்கள் 1950களின் இறுதியில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் புரூக்ளினில் பிறந்த ஃப்ரெட் மெக்டாரா (1926–2007). ‘வில்லேஜ் வாய்ஸ்’ வார இதழின் படக்காரராக அவர் கிரீனிச் வில்லேஜின் காபிக் கடைகள், கலைஞர்களின் மாடி அறைகள், நள்ளிரவு விருந்துகள் என்று ஒன்றையும் விடவில்லை. 1959 பிப்ரவரியில் கிழக்கு 3ஆம் தெருவில் ஒரு கலைக்கூடத்தில் கெரவாக் இரண்டு கைகளையும் அகல விரித்து வாசிக்கும் படம் அவர் எடுத்தது. 1960இல் வந்த ‘த பீட் சீன்’ தொகுப்பில் கவிதைகளோடு அவருடைய படங்கள் அச்சாயின. மெக்டாராவுக்கு வியாபார மூளையும் உண்டு. புறநகர் விருந்துகளுக்கு வாடகைக்குப் பீட்னிக் கவிஞர்கள் கிடைப்பார்கள் என்று ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் விளம்பரம் கொடுத்தார். வேடிக்கையாகத் தொடங்கிய அந்த விளம்பரத்துக்கு உண்மையிலேயே ஆர்டர்கள் வந்தன. தாடியும் கறுப்புச் சட்டையும் போங்கோ மேளமுமாக ஆட்கள் போய் வந்தார்கள். 1958இல் சான் பிரான்சிஸ்கோ பத்தி எழுத்தாளர் ஹெர்ப் கேன் கேலியாகப் புழக்கத்தில் விட்ட ‘பீட்னிக்’ என்ற பட்டம் ஒன்றிரண்டு ஆண்டுகளில் கூலிக்குக் கிடைக்கும் வேடமாகிவிட்டது. இருந்தாலும் மெக்டாராவின் கோப்புகள் இல்லாவிட்டால் நியூயார்க் பீட் வாழ்க்கையின் பாதி, சாட்சியில்லாமல் போயிருக்கும். லெராய் ஜோன்ஸ் (பின்னாளில் அமிரி பராகா) போன்ற கறுப்பினக் கவிஞர்களையும் அவர் விடாமல் எடுத்தார்.

கேமரா எங்கே திரும்புகிறதோ அங்கேதான் வரலாறும் திரும்புகிறது. கின்ஸ்பெர்க்கின் படங்களில் பெண்கள் குறைவு. எழுதிய பெண்களாகப் பதிவானவர்கள் இன்னும் குறைவு. இதற்கு ஒரு கண்கூடான சான்று உண்டு. 1957இல் ஜெரோம் யுல்ஸ்மன் என்ற படக்காரர் கிரீனிச் வில்லேஜில் ‘கெட்டில் ஆஃப் ஃபிஷ்’ மதுக்கடை வாசலில், நியான் விளக்குக்குக் கீழே கெரவாக்கைப் படம் எடுத்தார். பின்னால் நிழலில் ஓர் இளம்பெண் நிற்கிறார். அப்போது கெரவாக்கின் தோழியாக இருந்த நாவலாசிரியர் ஜாய்ஸ் ஜான்சன் அவர். 1990களில் ஒரு துணி நிறுவனம் கெரவாக் காக்கிக் கால்சட்டை அணிந்தவர் என்று விளம்பரம் செய்ய அந்தப் படத்தைப் பயன்படுத்தியபோது, பின்னால் நின்ற பெண்ணை அழித்துவிட்டு வெளியிட்டது. அந்த ஆண்டுகளைப் பற்றி ஜாய்ஸ் ஜான்சன் எழுதிய நினைவுநூலின் தலைப்பு ‘மைனர் கேரக்டர்ஸ்’ (1983). விளம்பரம் வருவதற்குப் பத்தாண்டு முன்பே அவர் தேர்ந்துகொண்ட தலைப்பு அது.

1962 பிப்ரவரியில் கின்ஸ்பெர்க்கும் அவருடைய துணைவர் பீட்டர் ஆர்லோவ்ஸ்கியும் பம்பாயில் வந்து இறங்கினார்கள். இலங்கை வழியாகத் தென்னிந்தியாவுக்குள் வந்து வடக்கே போயிருந்த ஸ்னைடரும் அவர் மனைவி கவிஞர் ஜோன் கைகரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். நால்வரும் தரம்சாலா சென்று தலாய் லாமாவைச் சந்தித்தார்கள். ஸ்னைடரும் கைகரும் திரும்பிய பிறகும் கின்ஸ்பெர்க் 1963 மே வரை கல்கத்தாவிலும் காசியிலும் தங்கினார். கல்கத்தாவில் சுனில் கங்கோபாத்யாய், சக்தி சட்டோபாத்யாய் போன்ற இளம் வங்கக் கவிஞர்களோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. நீம்தலா, மணிகர்ணிகா மயானங்களில் இரவுகளில் உட்கார்ந்து பிணங்கள் எரிவதைப் பார்த்து எழுதிய பக்கங்கள் அவருடைய இந்திய நாட்குறிப்புகளில் உள்ளன. அந்த நூல் 1970இல் வெளிவந்தது. சாவை மறைத்து வைக்கும் அமெரிக்க வழக்கத்தில் வளர்ந்தவருக்கு, தெருவோடு ஒட்டிய ஆற்றங்கரையில் எல்லார் கண்ணெதிரிலும் நடக்கும் தகனம் பெரிய பாடமாக இருந்தது. பிற்காலத்து வாசிப்புகளிலும் அஞ்சலிகளிலும் அவர் கையில் இருந்த ஹார்மோனியமும் இந்தியத் தொடர்பில் வந்ததே. இந்தியாவிலிருந்து திரும்பிய பிறகு அவருடைய படமெடுப்பு பெரிதும் குறைந்துபோனது.

அந்த இடத்தை நிரப்பியவர்களில் ஒருவர் லாரி கீனன் (1943–2012). ஓக்லண்டில் கலிபோர்னியா கலைக் கைவினைக் கல்லூரியில் அவர் மாணவர். அங்கே அவருக்குப் பாடம் நடத்தியவர் மெக்ளூர். ஆசிரியர் தன் நண்பர்களைப் படம் எடுக்கச் சொல்லி மாணவரை அழைத்துப்போனார். அப்படித்தான் 1965 டிசம்பர் 5ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொலம்பஸ் அவென்யூ 261ஆம் எண்ணில் உள்ள சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை வாசலில் கீனன் நின்றிருந்தார். கடையின் உரிமையாளரும் ‘ஹவுல்’ நூலின் பதிப்பாளருமான கவிஞர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி, ஊரில் மிஞ்சியிருக்கும் கவிஞர்களையும் ஓவியர்களையும் ஒன்றாக நிறுத்திக் குரூப் போட்டோ எடுக்க வேண்டும் என்று விரும்பினார். பழைய பாரிஸ் கலைஞர் கூட்டத்தின் படங்களைப் போல ஒன்று வேண்டும் என்பது அவர் ஆசை.

படத்தில் ஃபெர்லிங்கெட்டி குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கின்ஸ்பெர்க், மெக்ளூர், ஆர்லோவ்ஸ்கி, ரிச்சர்ட் பிராட்டிகன், லூ வெல்ஷ், டேவிட் மெல்ட்சர், ஓவியர் ராபர்ட் லவீன் என்று நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். கடை மேலாளர் ஷிக் முராவும் இருக்கிறார். 1957 ஜூனில் ‘ஹவுல்’ நூலை மாறுவேடத்தில் வந்த போலீசாருக்கு விற்றதற்காகக் கைதானவர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி கிளேட்டன் ஹார்ன் அந்த நூல் ஆபாசமல்ல என்று தீர்ப்பளித்தார். படத்தில் ஒரு நாயும் உண்டு. கெரவாக், பரோஸ், கோர்சோ மூவரும் இல்லை. கச்சேரிகளுக்காக அப்போது சான் பிரான்சிஸ்கோ வந்திருந்த பாப் டிலன் கடைக்கு வந்தார். ஆனால் குரூப் போட்டோவில் நிற்கவில்லை. நின்றிருந்தால் அது கவிஞர்களின் படமாக இல்லாமல் டிலன் படமாகியிருக்கும். வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்துக்குத் தப்பிக் கடையை ஒட்டிய சந்துக்குப் போன பிறகு, அங்கே டிலன், கின்ஸ்பெர்க், மெக்ளூர், கிதார் கலைஞர் ராபி ராபர்ட்சன் ஆகியோரைக் கீனன் தனியாக எடுத்தார். குரூப் போட்டோவைவிட அதிகம் அச்சானது இந்தச் சந்துப் படம்தான்.

குரூப் போட்டோவுக்குப் பிற்காலத்தில் ‘பீட்களின் கடைசிக் கூட்டம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கறாராகப் பார்த்தால் பெயர் பொருந்தாது. 1967 ஜனவரி 14ஆம் தேதி கோல்டன் கேட் பூங்காவில் பல்லாயிரம் இளைஞர்கள் திரண்ட ‘ஹியூமன் பீ-இன்’ விழா மேடையில் கின்ஸ்பெர்க், ஸ்னைடர், மெக்ளூர், ஃபெர்லிங்கெட்டி எல்லாரும் இருந்தார்கள். என்றாலும் அந்த வாசலில் நின்றவர்கள் மறுபடி அப்படி நிற்கவில்லை என்பது உண்மை. லூ வெல்ஷ் 1971 மே மாதம் சியரா நெவாடா மலைக்காட்டுக்குள் துப்பாக்கியோடு நடந்து போனார், உடல்கூடக் கிடைக்கவில்லை. பிராட்டிகன் 1984இல் தன்னையே சுட்டுக்கொண்டார்.

குரூப் போட்டோவில் இல்லாத முன்னணியினரில் முதலில் போனவர் கேஸடி. 1968 பிப்ரவரி 4ஆம் தேதி, நாற்பத்திரண்டு வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது மெக்சிகோவில் இறந்தார். முந்தைய இரவு ஒரு ரயில் பாதையோரம் மயங்கிக் கிடந்திருக்கிறார். அடுத்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி ஃப்ளோரிடாவில் கெரவாக், குடியால் குடல் ரத்தம் கொட்டி, நாற்பத்தேழு வயதில் இறந்தார். 1964இல் அவர் நியூயார்க் வந்தபோது கின்ஸ்பெர்க் எடுத்த படம் ஒன்று உண்டு. நாற்காலியில் ஊதிப்போன உடம்பும் சோர்ந்த முகமுமாகக் கெரவாக். செத்துப்போன அப்பாவின் சாயல் கெரவாக்குக்கு வந்துவிட்டதாகக் கின்ஸ்பெர்க் படத்தின் கீழே எழுதி வைத்தார். இரும்புப் படிக்கட்டில் நின்ற ஆளுக்கும் இந்த ஆளுக்கும் இடையே பதினோரு ஆண்டுகளே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்களுக்குக் கெரவாக்கின் வாழ்க்கை வரலாறு தனியாகத் தேவைப்படாது.

கெரவாக்கின் இறுதிச் சடங்கு 1969 அக்டோபர் 24ஆம் தேதி அவர் பிறந்த ஊரான மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவல் நகரில், புனித ஜான் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கத்தோலிக்க முறைப்படி நடந்தது. கின்ஸ்பெர்க், ஆர்லோவ்ஸ்கி, கோர்சோ, நாவலாசிரியர் ஜான் கிளெலன் ஹோம்ஸ் ஆகியோர் வந்தார்கள். எட்சன் கல்லறைத் தோட்டத்தில் மனைவி வீட்டாரின் இடத்தில் அடக்கம் செய்தார்கள். குடும்பத் துக்கமாக முடிந்த சடங்கு அது. அதைப் பொது நினைவாக்கியது ஆறு ஆண்டு கழித்து வந்த ஒரு படம். 1975 நவம்பரில் டிலன் தன் ‘ரோலிங் தண்டர்’ இசைப் பயணத்தில் லோவலில் பாடிவிட்டு, கின்ஸ்பெர்க்கோடு அந்தக் கல்லறைக்குப் போனார். தரையோடு பதித்த சிறு கல்லின் முன் இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பயணக்குழுவின் படக்காரர் கென் ரீகன் எடுத்தார். அந்தக் காட்சி டிலனின் ‘ரெனால்டோ அண்ட் கிளாரா’ (1978) திரைப்படத்திலும் இடம்பெற்றது. அன்றுதொட்டு இன்றுவரை அந்தக் கல்லைத் தேடி வருபவர்கள் ஓய்ந்தபாடில்லை. பேனா, மதுப்புட்டி, கையெழுத்துத் தாள் என்று எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இறந்த நண்பரின் பெயரில் ஒரு பள்ளியும் எழுந்தது. கொலராடோவின் போல்டர் நகரில் திபெத்திய பௌத்த ஆசிரியர் சோக்யாம் துருங்பா தொடங்கிய நரோபா நிறுவனத்தில், 1974இல் கின்ஸ்பெர்க்கும் கவிஞர் ஆன் வால்ட்மனும் ஜாக் கெரவாக் பெயரில் கவிதைப் பள்ளி தொடங்கினார்கள். 1982 கோடையில் ‘ஆன் த ரோட்’ வெளிவந்த இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி அங்கே நடந்த மாநாட்டுக்குப் பழைய நண்பர்களும் அவர்களைப் படித்து வளர்ந்தவர்களும் திரண்டார்கள். அஞ்சலி, கருத்தரங்கு, திருவிழா மூன்றும் கலந்த ஒரு வடிவம் அங்கே உருவானது. பின்னாளில் நியூயார்க் பல்கலைக்கழகம் 1994இல் நடத்திய பீட் மாநாடும் இந்த அச்சில்தான் அமைந்தது.

நரோபா மாநாடு முடிந்து ஓராண்டு போல ஆனபோது, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கின்ஸ்பெர்க் சேமித்து வைத்திருந்த தாள்களுக்கிடையே பழைய நெகடிவ்களும் மருந்துக்கடைப் பிரிண்டுகளும் வெளியே வந்தன. ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலால் புகழ்பெற்ற ராபர்ட் ஃப்ராங்க் பழைய நண்பர். 1959இல் கெரவாக் குரல் கொடுத்து கின்ஸ்பெர்க், கோர்சோ நடித்த ‘புல் மை டெய்சி’ குறும்படத்தை ஆல்ஃபிரட் லெஸ்லியோடு சேர்ந்து எடுத்தவர். அவரும் மூத்த படக்காரர் பெரனீஸ் ஆபட்டும் கொடுத்த ஊக்கத்தில் கின்ஸ்பெர்க் பழையவற்றைப் பெரிதாக பிரிண்ட் போடச் செய்தார். தானும் மறுபடி கேமராவை எடுத்தார். 1985இல் நியூயார்க்கில் ஹாலி சாலமன் காலரியில் கண்காட்சி நடந்தது.

பிரிண்டின் அடியில் அகலமாக வெள்ளை விளிம்பு விட்டு, அதில் தன் கையாலேயே நான்கைந்து வரி எழுதுவது அவர் வழக்கமானது. யார், எந்தத் தெரு, எந்த மாடி, அன்று என்ன நடந்தது, பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று அந்தக் குறிப்பு ஓடும். ஒரே படத்தின் வேறு வேறு பிரிண்டுகளில் வேறு வேறு விவரங்கள் இருக்கும். ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து புதிதாக எழுதினார். ஆராய்ச்சியாளர்களுக்கு இது தலைவலி. படம் 1953, குறிப்பு 1984 அல்லது 1990 என்பதை மறந்துவிட்டு, குறிப்பையும் அன்றைய ஆவணமாகவே எடுத்துக்கொள்ளும் பிழை பல நூல்களில் நேர்ந்திருக்கிறது. கேமராவை அழுத்தியபோது அவர் அறியாத சாவுகளைப் பேனாவைப் பிடித்தபோது அறிந்திருந்தார். இழுப்பறையில் கிடந்த நண்பர்கள் படங்களை நினைவுச் சின்னங்களாக்கியவை இந்தக் குறிப்புகளே.

1980களின் பிற்பகுதியில் நகரங்களும் விழித்துக்கொண்டன. 1986 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் பாப் காஃப்மன் இறந்தார். நார்த் பீச் தெருக்களில் நின்று கவிதை சொல்லிப் பலமுறை போலீசில் பிடிபட்ட கறுப்பினக் கவிஞர். ஜான் கென்னடி கொலைக்குப் பிறகு பல ஆண்டுகள் பேசாநோன்பு இருந்தவர் என்று சொல்லப்படுபவர். நியூ ஆர்லியன்ஸ் முறைப்படி ஜாஸ் வாத்தியம் முன்னே போக, அவர் வழக்கமாக நின்ற இடங்களில் எல்லாம் நின்று அவர் கவிதைகளைப் படித்தபடி ஊர்வலம் நடந்தது. அஸ்தியை வளைகுடாவில் கரைத்தார்கள். வாழ்ந்த காலத்தில் அவரைத் துரத்திய அதே நகரம் 1988இல் ஒரு சந்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. சிட்டி லைட்ஸ் கொடுத்த கோரிக்கையின்படி அந்த ஆண்டு பன்னிரண்டு தெருக்களுக்கு எழுத்தாளர்கள், கலைஞர்கள் பெயர் வைக்கப்பட்டது. கீனன் டிலனைப் படமெடுத்த கடையோரச் சந்து ஜாக் கெரவாக் சந்தானது.

லோவலில் அதே 1988 ஜூனில் கெரவாக் நினைவுப் பூங்கா திறக்கப்பட்டது. சிற்பி பென் வொய்டெனா அமைத்த கிரானைட் தூண்களில் அவருடைய நூல்களிலிருந்து பத்திகள் செதுக்கப்பட்டுள்ளன. குடித்தே செத்தவருக்கு ஊர்ப் பணத்தில் நினைவிடமா என்று உள்ளூரில் முணுமுணுப்பு இருந்தது. ஆயினும் ஆண்டுதோறும் அக்டோபரில் அங்கே கெரவாக் விழா நடந்துவருகிறது.

கின்ஸ்பெர்க்கின் முறை 1997இல் வந்தது. கல்லீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், படுக்கையில் இருந்தபடியே நண்பர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் விடைசொன்னது. நோய் தெரிவதற்குச் சில வாரம் முன்பு, பிப்ரவரியில், தன் இறுதிச் சடங்குக்கு யார் யார் வருவார்கள், என்னென்ன பேசிக்கொள்வார்கள் என்று கற்பனை செய்து ‘டெத் அண்ட் ஃபேம்’ என்ற கவிதையை எழுதியிருந்தார். ஏப்ரல் 5ஆம் தேதி அதிகாலை நியூயார்க் வீட்டில் உயிர் பிரிந்தது. இரண்டு நாள் கழித்து மன்ஹாட்டனில் ஷம்பாலா பௌத்த மையத்தில் சடங்கு நடந்தபோது திபெத்திய மந்திரங்களோடு கதிஷும் சொல்லப்பட்டது. அதே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் எமானு-எல் யூத ஆலயத்தில் மேற்குக் கரைக் கவிஞர்கள் கூடினார்கள். 1998 மே மாதம் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் நடந்த பெரிய அஞ்சலியில் பேட்டி ஸ்மித், ஃபிலிப் கிளாஸ் போன்ற இசைக்கலைஞர்களும் பங்கேற்றார்கள். கவிஞர் கற்பனை செய்திருந்ததற்கும் நடந்ததற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

பரோஸ் நான்கு மாதமே தாங்கினார். 1997 ஆகஸ்ட் 2ஆம் தேதி கான்சஸ் மாநிலத்தில் அவர் வாழ்ந்த லாரன்ஸ் நகரில் இறந்தார். அங்கே லிபர்ட்டி ஹால் அரங்கில் அஞ்சலி முடிந்து, உடல் செயின்ட் லூயிஸில் குடும்பக் கல்லறைக்குப் போனது. கோர்சோ 2001 ஜனவரியில் இறந்தார். அவர் பிறந்து வளர்ந்த கிரீனிச் வில்லேஜின் பொம்பேய் மாதா தேவாலயத்தில் சடங்கு நடந்தது. அஸ்தியோ கடல் கடந்து ரோமாபுரிக்குப் போய், அவர் வாழ்நாளெல்லாம் கொண்டாடிய ஷெல்லியின் கல்லறைக்கு அருகில் இடம் பிடித்தது. ஃபெர்லிங்கெட்டி எல்லாரையும் வழியனுப்பிவிட்டு, 2021 பிப்ரவரி 22ஆம் தேதி நூற்றொரு வயதில் காலமானார். பெருந்தொற்றுக் காலம் என்பதால் அரங்கக் கூட்டம் சாத்தியமில்லை. முகக்கவசம் அணிந்தவர்கள் பூவும் மெழுகுவத்தியுமாகக் கெரவாக் சந்தில் கூடிக் கவிதை படித்தார்கள்.

கின்ஸ்பெர்க்கின் படங்களுக்கு 2010இல் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம் ‘பீட் மெமரீஸ்’ என்ற பெயரில் தனிக் கண்காட்சி நடத்தியது; 2013இல் அது நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் போனது. அவருடைய தாள்களும் கடிதங்களும் அடங்கிய ஆவணத் தொகுப்பை 1994இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. புகைப்படப் பிரிண்டுகளில் மிகப் பெரிய தொகுப்பு, கிட்டத்தட்ட 8,000 படங்கள், கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிஷர் அரிய நூல் நூலகத்தில் இருக்கிறது.